வெறும் அறுகோணம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

உங்கள் பெயிண்ட் ஆலைக்கான பழைய ஜெர்மன் செய்முறையை ஆங்கிலத்தில் முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வளைய மூலக்கூறுகளின் பெயர்கள்தான் உயிரை வாங்கிவிட்டன. கடைசியில் மிஞ்சும் திரவத்துக்குப் பெயரே இல்லை, வெறும் அறுகோணப் படம் மட்டும். அந்தக் காலத்து வழக்கப்படி அது பென்சீன். அப்படியே எழுதியிருக்கிறேன். வழக்கம்போல மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடு.

உன் அத்தான் அங்கே ஆலை வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. உன் ஆங்கிலத்தை மேலாளரே மெச்சினார். ஒரே இடத்தில் கை வைத்தேன். உள்ளே கோடில்லாத அறுகோணம் சைக்ளோஹெக்சேன் என்று கல்லூரிப் பையனுக்கும் தெரியும். பென்சீனை அடித்துவிட்டேன். மொழிக்காரி, கோபித்துக்கொள்ளாதே!

பென்சீன் மாதிரி விஷமில்லை என்பதால் அந்தத் திரவத்தை வீணாக்கவில்லை. பெயிண்ட் பிசுக்கை அப்படியே எடுக்கிறது. அத்தான் பிரிவில் எல்லாரும் அதில்தான் கை கழுவுகிறார்கள். "வாசனைகூட நல்லா இருக்குடா மாப்ளே" என்கிறார். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறதாம். வயசாகிறதில்லையா!

தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். அதிலா கழுவினார்கள்? அதிலேயா?

அது பென்சீன்தான். ரத்தத்தைக் கெடுக்கும். சைக்ளோஹெக்சேன் வருகிற பக்கங்களில் மூலைக்கு மூலை ஹைட்ரஜன் எழுதியிருக்கிறார்களே, நீ மற்ற பக்கங்களைப் புரட்டவே இல்லையா? அது இருக்கும் அறையைப் பூட்டு. அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி வந்த அன்றே பூட்டிவிட்டோம். அத்தானுக்கு ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கிறது. மறுபடி பார்க்க வேண்டுமாம். ஊருக்கு அனுப்பிவைக்கிறேன்.

மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். மொழிபெயர்ப்பில் பிழை என்று சொல்லிவிட்டேன். உனக்கு இது பத்தோடு பதினொன்று, எனக்குப் பிழைப்பே இதுதான். அத்தானிடமும் அப்படியே சொன்னேன். மற்றவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, பயந்துவிடுவார்கள். நீ புரிந்துகொள்வாய்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

அவர் வந்து சேர்ந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ தப்பா எழுதிட்டியாமே?" என்றார். உன் இரண்டு கடிதங்களையும் நீட்டினேன். படித்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவரோடு கை கழுவியவர்களின் வீடுகளுக்கு நீயே போ. அது என்ன திரவம், அதன் பெயரை மாற்றியது யார் என்று சொல். ரத்தம் பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ போகவில்லையென்றால் அந்தக் கதவுகளை நான் வந்து தட்டுவேன்.

அதைச் செய்யும்வரை எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்