எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் கட்டிய நாடா

மாப்ள,

இன்று காலை, தகடு வெட்டும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸின் இடது பொத்தான் மேல் ஒரு காலேஜ் ஐடி கார்டின் நாடாவை இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நீல நாடா. நம்முடையது பச்சை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எண்ணெய் குடித்துக் கறுத்த துணி, இரட்டை முடிச்சு, அதே நாற்றம். பாக்கெட்டில் இருந்த கத்தியை எடுத்து அறுத்தேன். அறுத்த வெறியில் என் கட்டைவிரலும் கிழிந்தது. கட்டியது ஒரு ட்ரெய்னிப் பெண். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். அவள் அழவில்லை. "எதுக்கு அண்ணே இம்புட்டுக் கத்துறீங்க? பன்னெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் வேலைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

நான்தான் சொன்னேன். நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் இங்கே சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்துபோச்சு, பாதி மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். மேலே என்னிடம் சொன்னதை நான் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

நமக்கும் இதையேதான் சொன்னார்கள், ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் கேம்பஸுக்கு ஒரு கம்பெனியும் வரவில்லை. கடன் வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடிட்டோரியத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள் இந்தக் கம்பெனி மட்டும் வந்து பன்னிரண்டு பேரை ஆறு மாச ட்ரெய்னிங்குக்கு அள்ளிக்கொண்டு போனது. முடிவில் ஒருத்தருக்கு மட்டும் பெர்மனென்ட். யார் அதிக பீஸ் அடிக்கிறாரோ அவருக்கு. சண்டைச் சேவல்களுக்காவது காலில் கத்தி கட்டிவிடுவார்கள். நம்மைச் சும்மாவே மோதவிட்டார்கள். பரவை மார்க்கெட்டில் உன் அம்மா காய்கறிக் கடை போட்டிருந்தாள். என் அத்தா வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ஆள் குறைத்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர்தான். ரெண்டு பேருக்குமே அந்த வேலை உயிர்.

அந்தப் பழைய பிரஸ்ஸில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கை ரெண்டும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இடது பொத்தானைக் கட்டிப்போட்டு விட்டால் வலது கை அமுக்க, இடது கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பீஸ் ஒன்றரை மடங்கு விழும். அதைக் கண்டுபிடித்தவன் நீ. ஒரு நாள் அப்போதைய சூப்பர்வைசர் பார்த்துவிட்டு உன் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் கை கழுவும் இடத்தில் வைத்து உன்னை அடித்தேன். "கள்ளத்தனம் பண்ணி என் பொழப்புல மண்ணைப் போடுறியாடா?" என்று கேட்டு, நீ பதில் சொல்லும் முன்னே உன் முகத்தைக் குழாயில் மோதினேன். உன் உதடு கிழிந்தது. நீ என் வயிற்றில் எத்தினாய். தரையில் சோப்புத் தண்ணீரில் புரண்டோம், உன் ரத்தம் என் சட்டையெல்லாம். மற்றவர்கள் பிடித்து இழுத்த பிறகும் நான் உன் காலரை விடவில்லை. நீ ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். "சரிடா, இனிமே கட்ட மாட்டேன். எங்காத்தா மேல சத்தியம். கையால அடிப்போம், எவன் ஜெயிக்கிறான்னு பாப்போம்" என்றாய்.

நீ கட்டவில்லை. நான் கட்டினேன்.

ஆமாம் மாப்ள. நீ சத்தியம் பண்ணிய மறுவாரம் நான் என் ஐடி நாடாவைக் கழற்றிக் கட்டினேன். வெளியே தெரியாமலிருக்க எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியை மேலே தொங்கவிட்டேன். நீ கையால் அடித்துத் தோற்றுக்கொண்டிருந்தாய். "எப்படிடா இம்புட்டு அடிக்கிற?" என்று கேட்டாய். "பழக்கம்தான்" என்றேன். அதைச் சொன்ன என் நாக்கை நினைத்தால் இன்றைக்கும் பிடுங்கிப்போடத் தோன்றும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. என் மெஷினுக்கு, இதே எட்டாம் நம்பருக்கு, நீ வர வேண்டும். கடைசி அடியில் ஒரு பீஸ், தகட்டை வெட்டும் அச்சான டைக்குள் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் போன நேரம் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். வேலை விஷயமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. மெஷினை நிறுத்தாமல், நாடாவை அவிழ்க்காமல் ஓடினேன். வழியில் உன்னைப் பார்த்து, "பீஸ் ஒண்ணு மாட்டியிருக்கு, எடுத்திரு" என்றேன்.

நீ எடுத்தாய். ஒரு பொத்தானில் கை ஊன்றினால் ஒன்றும் ஆகாது என்று நம்பி வலது கையை ஊன்றிக்கொண்டு, இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டாய்.

ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் இரும்பின் சத்தமா உன்னுடையதா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓடி வந்தபோது கை எது, தகடு எது என்று தெரியாமல் கிடந்தது. ரத்தம் டையிலிருந்து என் செருப்பு வரை வந்தது. எல்லோரும் உன்னைத் தூக்கினார்கள். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? துணியை விலக்கி என் நாடாவை உருவிப் பாக்கெட்டில் போட்டேன். அதன் பிறகுதான் உன் தலையை மடியில் வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் வெளியே தெரிந்துவிடும் என்று சரக்கு வேனில் ஏற்றினார்கள். ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே முடியாது என்றதும் பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். பாலம் ஏறும்போது, "மெஷின்ல கோளாறுடா, யாரையும் அதுல விடாத" என்றாய். பாலம் இறங்கும்போது நீ இல்லை.

உன் பெயர்தான் ஏற்கெனவே எழுதியிருந்ததே. பொத்தானை நீயே கட்டி, நீயே மாட்டிக்கொண்டாய் என்று முடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் வேலை எனக்கு வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன், பார்த்துக்கொள்.

பரவைக்குப் போகும்போதெல்லாம் உன் அம்மா எனக்குச் சோறு போடுவாள். "எம் மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லிட்டானே, அவசரக்காரப் பய" என்று முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். நீ செத்ததை அவள் தாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறினாய் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது தெரிந்தும் நான் ஒன்பது வருஷமாக அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இன்று மதியம் பன்னிரண்டு பேரையும் எட்டாம் நம்பர் முன்னால் நிற்கவைத்து, அன்றைக்கு இந்தப் பொத்தானைக் கட்டியது நான்தான் என்று சொன்னேன். முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன். மேனேஜர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். என் வேலை இருக்குமா என்று நாளைக்குத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

உன் அம்மா கடை அடைக்குமுன் போய்விட வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கட்டைவிரல் இன்னும் கசிகிறது. என் பச்சை நாடா பாக்கெட்டில் இருக்கிறது, இரட்டை முடிச்சு அவிழவே இல்லை. அதை அவள் தராசில் வைத்து, உன் மகன் சத்தியத்தை மீறவில்லை ஆத்தா என்று சொல்லப்போகிறேன். எடைக்கல்லை எடுத்து என் மண்டையில் போட்டாலும் சரி, இதை மட்டும் முழுதாகச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

பரவை வந்துவிட்டது. இறங்குறேன் மாப்ள.