நாக்கை மடிக்கச் சொன்ன பாடம்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். ஜவ்வாது மலையில் குளிர் தொடங்கிவிட்டது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்தினேன். ஒரு மரபணு ஒரு கூட்டத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்ட, நாக்கைக் குழாய்போல் மடிக்கத் தெரிந்தவர்களை எண்ணினோம். ஒரே சிரிப்பு. "அப்பா அம்மா இருவருக்கும் மடிக்க வராவிட்டால் பிள்ளைக்கும் வராது" என்று அடித்துச் சொன்னேன்.

மறுநாள் பிரியதர்ஷினி என்ற மாணவி வரவில்லை. சாமை பயிரிடும் அவள் அப்பா அருணகிரி வந்தார்.

"டீச்சர், எனக்கும் எங்க வூட்டுக்காரிக்கும் நாக்கு மடியலைங்க, பொண்ணுக்கு மடியுது. நான் உங்க புள்ளையே இல்லியான்னு பொண்ணு அழுவுது. ஊர்ல அவ அம்மாவ ஒரு மாதிரி பேசுறாங்க. இன்னாங்க சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை, உம்மா. பிறகு தேடிப் படித்தேன். அந்த விதி தவறென்று விஞ்ஞானிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். காலேஜில் கேட்டதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன்.

வகுப்பில் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர்கள் வீட்டுக்கும் போய் அதையே சொன்னேன். பிரியதர்ஷினி தலையாட்டினாள். அவள் அம்மா செந்தாமரை மட்டும், "கிளாஸ்ல சொல்லிட்டீங்க டீச்சர். ஊருக்கு யார் சொல்றது?" என்றார்.

கம்பளிப் போர்வையும் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூளும் அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் மகள் டீச்சர் என்று வாப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
முஃபீதா