எனக்குப் பதிலாக நீ நட்ட வரிசை

இன்று காலை கம்பெனிப் பேருந்து கிருமாம்பாக்கத்தில் நின்றபோது, நாற்று முடிச்சுகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சன்னல் வழியே சேற்று வாசனை உள்ளே வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் நினைவுதான். நீ கண்ணை மூடி அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

நம் இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். இறங்கியதும் நீ ஊர்ப் பக்கம் திரும்புவாய், நான் காலனிப் பக்கம். விடுமுறையில் உங்கள் நிலத்தில் அம்மாவோடு நானும் நடவுக்கு இறங்குவேன். நீ வரப்பில் நின்று கதையடிப்பாய். படிப்பு முடிந்ததும் சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றுக்குச் சேர்ந்தே எழுதிப் போட்டோம். இரண்டு விண்ணப்பத்திலும் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்தான். என்னுடையதில் மட்டும் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதினேன். சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் தெரிந்தவர் வீட்டு எண்ணைக் கொடுத்து அப்படிப் போடுவது அன்றைய வழக்கம்.

போன் வந்தபோது நான் உங்கள் வயலில், முழங்கால் சேற்றில். நீ வரப்பில் ஓடி வந்தாய்.

"ஏய், கம்பெனியிலேருந்து போன்டி! அரை மணியில திரும்பப் பண்றாங்களாம். ஒங்கிட்டதான் பேசணுமாம். வா!"

உங்கப்பா குடையோடு நின்றிருந்தார். "நாத்து பறிச்சுப் போட்டாச்சு. ஏற்கெனவே ஆளு பத்தல. சாயங்காலம் பேசிக்கட்டுமே" என்றார். கெட்ட மனசில்லை அவருக்கு. நடவு நாளில் ஒரு ஆள் குறைவது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். நானும் கையிலிருந்த முடிச்சைக் கீழே போடவில்லை. அடுத்த போகத்துக்கும் அங்கேதானே எங்களுக்கு வேலை.

நீ சுடிதார்க் காலைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாய்.

"ஒரு ஆளுதானப்பா கொறையுது? நான் நடறேன்."

"இன்னாடி கூத்து இது? மேல ஏறு!"

"நட்டுட்டு ஏறுறேன்." என் கையிலிருந்த முடிச்சைப் பிடுங்கினாய். "நீ இன்னாடி வேடிக்கை பாக்குற? ஓடு!"

ஓடும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, பாப்பா நட்டதெல்லாம் மெதக்குது பாரு!"

"நீந்தட்டும் எக்கா, தானா கரையேறும்" என்றாய் நீ. வரிசை முழுக்கச் சிரித்தது.

எங்கள் தெருவுக்கு வரும் போனுக்கு, பின்பக்கச் சன்னல் வழியாக ரிசீவரை நீட்டுவதுதான் உங்கள் வீட்டுப் பழக்கம். அன்று மணி அடித்தபோது நீட்ட யாருமில்லை. நீ அவசரத்தில் திறந்துபோட்ட வாசல் கதவு வழியே, சேற்றுக் காலோடு முதன்முறையாகக் கூடத்துக்குள் போய் எடுத்தேன். மறுநாளே நேர்முகத் தேர்வு.

அங்கே என் பெயருக்கு அடுத்து உன் பெயரையும் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. அதிகாரி ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட அந்தக் கோடுதான் வழியெல்லாம் உறுத்தியது. வந்ததும் நேராக உன்னிடம் கேட்டேன். "ஒன்னையும் கூப்ட்டாங்களா? ஏன்டி சொல்லல?"

"சொல்லி? எங்க வூட்டுப் பொண்ணு கம்பெனி பஸ் ஏறுனா ஊரு இன்னா பேசும்னு எங்கப்பா சோறே துன்ன மாட்டாரு. எழுதும்போதே தெரியும்டி. ஒனக்குத் தொணைக்குத்தான் போட்டேன்." பேச்சை மாற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். "அத்த வுடு. ஒங்கம்மால்லாம் எப்படித்தான் நாளெல்லாம் நடறாங்க? எனக்கு ஒடிஞ்சே போச்சு."

இப்போது என்னைப் பள்ளிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஏழையாகப் பிறந்தாலும் உழைத்தால் மேலே வரலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வரலாம் என்கிறேன். ஆனால் உழைப்பு மட்டும் போதுமென்றால் என் அம்மா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பாள் என்பதையும் சொல்கிறேன். எனக்கு வசதி இல்லை. உனக்கு வசதியே வேலியாக நின்றது. இரண்டும் ஒன்றல்ல. உனக்குப் பசி தெரியாது. பாகூரில் வாழ்க்கைப்பட்டு, கரும்பும் மாடுமாக நிறைவாகத்தான் இருந்தாய். நீ குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும், வேறு எப்படி இருந்திருப்பாய் என்று பார்க்க உனக்கு ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை.

இன்று ஆள் எடுக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்ட பெயருக்கு யாரும் எழாவிட்டால் கோடு போடக் கை வருவதில்லை. போன மாதம் குருவிநத்தத்துப் பெண் ஒருத்தி வரவில்லை. போன் செய்தேன். அவள் அப்பா எடுத்தார்.

"கம்பெனி வேலையெல்லாம் எங்களுக்குத் தேவையில்லமா. நெலம் கெடக்குது."

"சரிங்க. அவளுக்கு இன்னா வேணுமாம்?"

அந்தப் பக்கம் கதவு ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது.

"இரும்மா" என்றார். "அவகிட்டயே குடுக்கறேன்."