மூன்று நிமிஷத்தில் நிற்கிற இன்ஜின்

அண்ணே,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கேன். நான் தையல் வகுப்புக்குப் போறேன். இன்ஜின் சிலிண்டரை இன்னைக்கு உடைச்சிருவேன்னு சொன்னியே, சுத்தியலை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படி.

உன் குட்டி இன்ஜின் நிக்குறதுக்கு அப்பா லேத்துல கடைஞ்ச சிலிண்டர் காரணமில்ல. தப்பு என்னுது. ஆயுத பூஜையன்னைக்கு பெட்ரோல் டேங்க் மூடிக்கு நான்தான் சந்தனப் பொட்டு வச்சேன். மூடியில காத்துப் போக ஒரு சின்னத் துளை இருக்குல்ல, அதைச் சந்தனம் அடைச்சிருச்சு. காத்து உள்ள போகலைன்னா பெட்ரோல் கீழ இறங்காது. அதுக்கு முந்தி பிசிறில்லாம ஓடினது, அன்னையிலிருந்துதான் மூணு நிமிஷத்துல இருமி நிக்குது. பெட்ரோல் இருக்கான்னு நீ மூடியைத் திறந்து பாத்தா மறுபடி ஓடுது. பதினோரு தடவை பாத்து என் நோட்டுல எழுதியிருக்கேன்.

நேத்தே சொல்லியிருக்கணும். "கடையத் தெரியாத ஆளு"ன்னு நீ சொன்னதும் அப்பா பாதிச் சோத்துல எந்திரிச்சாரு.

இந்தச் சீட்டுல ஒரு ஊசி குத்தியிருக்கேன். அதை வச்சுத் துளையில இருக்குற அடைப்பை எடுத்துவிடு. அப்பா மத்தியானம் வருவாரான்னு தெரியல. வந்தா, செருப்பைக் கழட்டும்போதே அவருக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும்.

முனீஸ்வரி

நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. மடிச்ச பக்கத்தை மட்டும் பாரு, மத்ததைப் படிக்காத.

அப்புறமும் நின்னா என்னைத் திட்டு. அப்பாவைத் திட்டாத.