வயல் வண்டி றோட்டில் ஏறிய நாள்

உ

மூதூர்
18.05.1997

அன்பு மகன் தவநேசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, அம்மா போன இந்த மூன்று மாதமும் அப்படித்தான் எழுதினேன், இன்றைக்கு அப்படி எழுதக் கை வருகுதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மத்தியானச் சாப்பாடு பக்கத்து வயல்காரர் ஸெய்னுதீன் வீட்டிலிருந்து வருகிறது, அவருடைய மனைவி றுக்கியா எனக்கென்று மரக்கறி புறம்பாகச் சமைத்து மூடி அனுப்புகிறா. உன் கமலா அக்கா அன்புவழிபுரத்தில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்புகிறாள், எனக்குத்தான் லோஞ்சில் ஏறிக் கடல் தாண்ட மனமில்லை. மழை பிந்திவிட்டது, அம்மாவின் கோழிகள் மூன்று நிற்கின்றன, மற்றவற்றைக் கீரி பிடித்துவிட்டது. நீ புதிதாகக் கார் ஓடுகிறாயாம், பனிக்குள் அவசரப்படாதே. அங்கே பனியில் ஓடுகிற வண்டியைத் தெருவில் ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதே கடிதத்தில் ஸெய்னுதீனைப் பற்றியும் எழுதியிருந்தாய். பாம்பு கடித்த அம்மாவை உழவு மெஷின் பெட்டியில் போட்டுக் குலுக்கியே விஷத்தை ஏற்றிவிட்டான், போக வேண்டிய நேரத்துக்குப் போகாமல் சுணக்கியதும் அவன்தான், இனி அவன் வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்று. இது அக்கா உனக்கு எழுதிய கதை. செத்தவீட்டிலும் அவள் இதைப் பத்துப் பேர் கேட்கச் சொன்னவள். அந்த மனிதன் படலைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பிரேதம் எடுக்கும் வரைக்கும் அசையவில்லை, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன் தம்பி. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்ததை இப்போது சொல்கிறேன், பொறுமையாக வாசி. அன்று காலை ஏழரைக்கு அம்மா வைக்கோலுக்குள் முட்டை தேடிக் கை விட்ட இடத்தில் புடையன் பாம்பு கடித்தது. நான் துணியால் கட்டினேன். அதற்கு முதல் நாள் றோட்டில் ஏதோ வெடித்து பஸ் ஓடவில்லை, கார்க்காரர் ஒருவரும் வெளிக்கிடவில்லை. பத்து நிமிஷத்துக்குள் ஸெய்னுதீன் தன்னுடைய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் பெட்டியைக் கொழுவி, வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் பாயும் விரித்துக்கொண்டு வந்து நின்றார். அக்காவை ஏத்துங்கோ அண்ணை, ஆஸ்பத்திரி அரை மணித்தியாலம்தானே என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது வயலுக்குள் ஓட அனுமதித்த வண்டி, நம்பர் பிளேட் இல்லை, லைட் இல்லை, பெட்டியில் ஆள் ஏற்ற ஏலாது, மெயின் றோட்டில் ஆமிச் சென்றியில் மறித்தால் உம்மையும் பிடிப்பார்கள், இவவையும் இறக்கிவிடுவார்கள், கொஞ்சம் பொறும், ஊர் விதானையாரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கச்சேரியில் வாகனப் பகுதியில் இருந்தவன் நான். எது றோட்டில் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். ஓர்ஸ் ஹில் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அம்மா பகிடியாகச் சொல்லுவா, உங்களுக்குச் சாமிப் படத்துக்குக் கீழேயும் றப்பர் ஸ்டாம்ப் வேணும் என்று. சட்டம் பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன், பிரேக் சரியில்லாத அந்த வண்டிகளால் றோட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆமிக்குப் பயந்துதான் போனேன் என்று உன்னிடம் சொல்லித் தப்பலாம். பயமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக எனக்குள் இருந்தது, என் வீட்டுக் காரியம் ஒழுங்குமுறையாக நடக்கவேண்டும் என்ற கொழுப்புத்தான்.

சைக்கிளில் போனேன். விதானையார் வீட்டில் இல்லை, சங்கக் கடையில் நிற்கிறார் என்றார்கள், அங்கே போனால் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்றார்கள். கடைசியில் அவரைப் பிடித்து, அவர் எழுதினால் பிழை வரும் என்று நானே இருந்து எழுதினேன். இன்ன வண்டி, இன்ன பாதை, நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு மாத்திரம் என்று. அவர் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினார். பழக்கதோஷம், திகதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன், மு.ப. 9.10. வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் பல்லு முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஏற்றிக்கொண்டு போனோம். ஸெய்னுதீன் குழிக்குக் குழி விலத்தி, முட்டைக் கூடை கொண்டுபோகிறவர் போலத்தான் ஓடினார், குலுக்கினார் என்று சொல்லுகிற வாய் புழுக்கும். சென்றியில் நான் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடுத்தர வயது ஆமிக்காரன் ஒருவன் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், ஓடிப்போய்த் தானே தடையைத் தூக்கிவிட்டு, போ போ என்று கையைக் காட்டினான். என் கடிதத்தை அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை தம்பி. ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன ஐயா, ஒரு மணித்தியாலம் முந்தியாவது கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டார். ஒரு மணிக்கு அம்மா போய்விட்டா.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் உள்ளே நிற்க, வாசலில் பொலிஸ் அந்த வண்டியை எழுதிக்கொண்டு போய்விட்டது. நம்பர் இல்லாத வண்டியை மெயின் றோட்டில் ஓட்டியது, பெட்டியில் ஆள் ஏற்றியது என்று ஸெய்னுதீன் மேல் வழக்கு. சித்திரையில் முதல் தவணை. நானும் கோட்டுக்குப் போனேன், கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் காட்டினால் வழக்கு லேசாகிவிடும். ஆனால் அதில் நேரம் இருக்கிறது. ஏழரைக்குக் கடித்தது என்று ஊருக்குத் தெரியும், வண்டி உடனே வந்தது என்று றுக்கியாவுக்குத் தெரியும், ஒன்பது பத்து என்று நான் என் கையால் எழுதியதே சொல்லுகிறது. நான் எழும்பாமல் வாங்கில் இருந்தபடியே இருந்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, பெயரைக் கூப்பிட எழும்பி நின்றார், தவணை போட்டார்கள், வெளியே வந்து, வெயிலாக் கிடக்கு, ஏறுங்கோ அண்ணை என்று தன்னுடைய சைக்கிளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். எனக்கு இப்படி ஒரு மனிதன் பக்கத்தில் வாய்த்திருக்கிறார், நான் அவருக்கு இப்படி வாய்த்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை அடுத்த தவணை. கடிதத்தைக் கொண்டுபோய் நீதவானிடம் கொடுத்து, சாட்சிக் கூட்டில் ஏறி முழுவதையும் சொல்லப் போகிறேன். அக்காவுக்கு நாளைக்கு ஆளிடம் சொல்லி அனுப்பி அவளையும் வரச் சொல்லுவேன். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர இருபது நாள் செல்லும், அதற்குள் இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரே மகன், உனக்குத்தான் கடைசியில் தெரிகிறது, அதற்கும் என்னை மன்னி.

ஒன்றை நேற்றைக்குத்தான் கேட்டேன். நான் கடிதத்துக்கு அலைந்த அந்த நேரம், என்னைப் பாராமல் அவவை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று ஸெய்னுதீனிடம் கேட்டேன். அவர் சொன்னார், நானும் றுக்கியாவும் ரெண்டு தரம் தூக்கப் பாத்தனாங்கள் அண்ணை, அக்காதான் மாட்டன் எண்டவா, அவர் வரட்டும், அவருக்குச் சட்டமெல்லாம் தெரியும், அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு பாயில கிடந்தவா என்று.

இதற்கு மேல் எழுத என்னால் ஏலாது. நீயும் மருமகளும் பிள்ளை குட்டியோடு நீடூழி வாழவேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் உங்களுக்கு இருக்கும், அவ ஒருவரையும் வெறுக்கத் தெரியாதவ. மறவாமல் ஸெய்னுதீனுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, விலாசம் எங்களுடையதுதான், பெயரை மட்டும் மாற்று. எனக்கு எழுத மனம் வரும்போது எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
க. குலசிங்கம்