வாலில் இரண்டு பேர்

செவ்வாய்

காலையிலிருந்து மழை. மருந்துக்கடையில் ஆள் வரத்து இல்லை. இருமல் மருந்துகளை அடுக்கி முடித்தேன்.

மதியம் சேகர் அண்ணன் போன். எங்கள் தமிழ் சைக்கிள் குழுவைத் தொடங்கியவர். இனி சே.அ.

"குரூப்புல கமெண்ட்டெல்லாம் நீயே பாத்துக்கம்மா. நீதான் நெறைய படிக்கிறவ."

படிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. இன்று முதல் நானும் நிர்வாகி. தப்பான கமெண்ட்டை நீக்கும் அதிகாரம் என் கட்டைவிரலில்.

சாயங்காலம் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஆண் படம் போட்டால் கீழே வருவது: என்ன டயர், எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு. பெண் படம் போட்டால்:
– யார் எடுத்தது?
– வீட்டுக்காரர் விட்டாரா?
– சோறாக்கியாச்சா?

ஒரு பெண்ணிடமும் யாரும் டயரைப் பற்றிக் கேட்டதில்லை. முதல் பதிவு வரை போய்ப் பார்த்துவிட்டேன்.

சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், பெண்கள் ஓட்டினால் முகம் கோணிப்போகும் என்று சில வைத்தியர்கள் எழுதினார்களாம். எங்கோ படித்தது. கண்ணாடியில் பார்த்தேன். கோணல் இல்லை. மூக்கில் ஒரு பரு.

புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. நல்ல செய்தி அதோடு சரி.

ஸ்டெல்லா அக்கா முதல்முறையாகப் படம் போட்டிருந்தார். பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட். நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். நல்ல உயரம், நல்ல பருமன், பெரிய சிரிப்பு. கோத்தா திங்கி ஊர் வரை தனியாகப் போய்த் திரும்பியிருக்கிறார். வாழைப்பழம் பொரிக்கும் கோரெங் பீசாங் கடைக்கு முன்னால் சைக்கிளோடு நிற்கிறார். 'என்னோட முதல் லாங் ரைட். இன்னும் கால் நடுங்குது!'

கீழே தினேஷ். குழுவிலேயே வேகமானவன், எப்போதும் முன்வரிசை. 'அக்கா, சைக்கிள் பாவம். அதுக்கும் ஒரு நாள் லீவு குடுங்க.' அதற்குப் பதினெட்டு சிரிப்பு முகங்கள்.

காது சூடாகிவிட்டது. கல்லாவுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு அந்தக் கமெண்ட்டை நீக்கப் போனேன். அதே நேரம் ஒரு மாமா, "தலவலி மாத்திரை இருக்காம்மா?" நிமிர்ந்தபடியே அழுத்தினேன். மாமாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் பதிவையே காணோம். படம், கோத்தா திங்கி, நடுங்கும் கால், எல்லாம் போச்சு.

சொல்வதற்குள் அக்கா குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

தினேஷ் உள்ளேதான் இருக்கிறான்.

வியாழன்

மழை. பேருந்து தாமதம். மனசு சரியில்லை.

சே.அ.விடம் நடந்ததைச் சொன்னேன். "விடும்மா, வேற போட்டோ போட்டுக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

அதுதான் சபலம். யாருக்கும் தெரியாது. ஒப்புக்கொண்டால் என்ன கமெண்ட் வரும் என்று வரி பிசகாமல் தெரியும்: இதுக்குத்தான் பொம்பளைங்க கையில குடுக்கக்கூடாது. நிர்வாகியாகி இரண்டே நாள்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு போன் செய்தேன். கை தவறியதைச் சொன்னேன். பின்னால் மெஷின் இரைச்சல்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாம்மா? குண்டா இருக்கிறவ போட்டோ போடக்கூடாது போலன்னு."

"ஐயோ அக்கா, சத்தியமா இல்ல."

"சரிம்மா, நீ தெரிஞ்சு செய்யல. ஆனா அவன் உள்ள இருக்கான், நான் வெளிய இருக்கேன். நீயே சொல்லு, என்ன கணக்கு இது?"

ஞாயிற்றுக்கிழமை குழுவின் பொந்தியான் கடற்கரை ரைடுக்கு வரச் சொன்னேன். "ஷிஃப்ட் பாத்துட்டு சொல்றேன்" என்றார். வரமாட்டேன் என்பதை நம் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்.

குழுவுக்கு மன்னிப்புக் கடிதம், நான்கு வரைவு. முதல் வரைவில் சமூக வரலாறு எல்லாம் வந்துவிட்டது. கிழித்தேன். நான்காவதில் ஏழே வரி.

வெள்ளி

மேகமூட்டம். காலை ஏழு மணிக்குப் பதிவிட்டேன்.

'ஸ்டெல்லா அக்காவின் படத்தை நீக்கியது நான். கை தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீக்க நினைத்தது தினேஷின் கமெண்ட்டை. ரோட்டில் ஒருவரை விட்டுவிட்டு வந்தால் அடுத்த வாரம் வாலில் ஓட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். இங்கேயும் ஒருவர் விடுபட்டுப் போனார். ஞாயிறு வாலில் நானும் தினேஷும்.'

வால் என்றால் கடைசி ஆள். குழுவில் யார் மெதுவோ அவருக்குப் பின்னால்தான் ஓட்ட வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். முந்தவே கூடாது. சே.அ. போட்ட சட்டம், அவரே இரண்டு முறை அனுபவித்திருக்கிறார்.

உடனே அவரிடமிருந்து போன். "அலமாக்! தினேஷ வால்ல போட்டா கோவிச்சுக்குவான் லா. ஜோக்குதானே அடிச்சான்?"

"போன மாசம் பஞ்சரான ஆள விட்டுட்டு வந்தவங்கள வால்ல போட்டீங்களே, அவங்க கோவிச்சுக்கிட்டாங்களா அண்ணே?"

"அது ரோடும்மா."

"ரோட்டுல விட்டுட்டு வந்தா திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரலாம். இங்க முடியுமா?"

அப்புறம் சிரிப்பு. "உங்கிட்ட வேலையக் குடுத்தது என் தப்பு. சரி, போடு."

எதிர்பார்த்த கமெண்ட் பதினோரு நிமிடத்தில் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. கட்டைவிரல் துடித்தது. நீக்கவில்லை, என்னைப் பற்றியதுதானே, இருக்கட்டும்.

அதற்குக் கீழே, இதுவரை வாயே திறக்காத ஒரு பெண்: 'நானும் ஒரு போட்டோ போட்டுட்டு அஞ்சு நிமிசத்துல எடுத்துட்டேன்.' கூடவே அந்தப் படம். மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு பெண்கள், நான்கு பழைய படங்கள். மாத்திரை எண்ணும்போது இரண்டு முறை தப்பிவிட்டது.

அக்காவுக்கு என் பதிவின் படத்தோடு மறுபடி அழைப்பு அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

சனி

செயினுக்கு எண்ணெய். டியூப் 2, வாழைப்பழம் 4, பிளாஸ்டர். சூரியக் களிம்பு மறக்காதே (போன முறை பாதி மூக்கு கருத்தது).

அம்மா: "வால்ல ஓட்டுறதுக்கு எதுக்குடி இவ்ளோ தடபுடல்?"

தினேஷிடமிருந்து ஒரே ஒரு கட்டைவிரல் படம். சம்மதமா கிண்டலா தெரியவில்லை.

அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை.

ஞாயிறு

விடியலில் தூறல், பிறகு தெளிந்தது. ஸ்கூடாயில் ஆறரைக்குக் கூடினோம். தினேஷ் பளபளக்கும் சைக்கிளோடு, பல் வலிக்காரன் முகத்தோடு. சே.அ. விசில் ஊதக் கையெடுத்தார்.

"நில்லுங்க லா!"

ஸ்டெல்லா அக்கா. ஆரஞ்சுச் சட்டை. லாரியிலிருந்து சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்தேன். வால்ல யாரு வர்றாங்கன்னு கண்ணால பாக்கணும்ல?"

பார்த்தார். தினேஷ் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தான். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

கூட்டம் பறந்தது. நாங்கள் மூவர் பின்னால். அக்கா நிதானமாக மிதித்தார், சில இடங்களில் வேண்டுமென்றே என்று சந்தேகம். தினேஷ் பிரேக் பிடித்துப் பிடித்தே களைத்துவிட்டான். பெக்கான் நானாஸில் அன்னாசிக்கு நிறுத்தினார். தங்கைக்கு போன் பேச நிறுத்தினார். ஒரு எருமையைப் பார்க்கவும் நிறுத்தினார்.

மூன்றாவது முறை நிறுத்தியபோது திரும்பி, "தம்பி, சைக்கிள் பாவம்ல? கொஞ்சம் லீவு குடுக்கலாமா?"

நான் சிரித்ததில் வாயிலிருந்த மிச்ச அன்னாசி மூக்கில் ஏறிவிட்டது. தினேஷ் ரோட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும், சத்தமில்லாமல், "சாரிக்கா. அன்னிக்கு அது... ஜோக்கு இல்ல."

"தெரியும்பா. ஓட்டு."

பொந்தியான் கடற்கரை. மற்றவர்கள் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். அக்கா தன் போனை தினேஷிடம் நீட்டினார். முதல் படத்தில் சக்கரம் தெரியவில்லை என்றார். இரண்டாவதில் கடல் சாய்ந்திருக்கிறதாம். நான்காவதுதான் தேறியது. அங்கேயே குழுவில் மறுபடி சேர்ந்தார், அங்கேயே படத்தைப் போட்டார். நாங்கள் மீ கோரெங் நூடுல்ஸுக்குக் காத்திருந்தோம்.

முதல் கமெண்ட்: 'யார் எடுத்தது?'

எதிரில் உட்கார்ந்திருந்த தினேஷ் தட்டினான்: 'நான்தான். நாலு டேக்.'

இரண்டாவது, நான் அறியாத யாரோ ஒருவர்: 'அக்கா, என்ன டயர்?'

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், எதுவும் தவறி அழுந்திவிடக் கூடாதே என்று. அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒற்றை விரலால் பதில் எழுதினார்.

'கறுப்பு.'