குடியானவளுக்குப் பட்டுப் பாவாடை

பெப்ரவரி 20, வெள்ளி இரவு

சிரிப்பு அடங்கினால்தான் நித்திரை வரும். நிலாவின் வகுப்பில் பிரபுக்கள் ஆண்ட காலத்து ஐரோப்பாவைப் படிக்கிறார்கள். இன்று அதற்கு வேடம். சீட்டுக் குலுக்கியதில் என் மகளுக்கு விழுந்தது குடியானவள். பழைய, கசங்கிய உடுப்போடு அனுப்பச் சொல்லியிருந்தார் ரீச்சர். அத்தனை பேருக்கு முன்னால் என் பிள்ளை கந்தலோடு நிற்பதா? பனிச் சப்பாத்துக்கு மேல் பட்டுப் பாவாடை கட்டி, சங்கிலியும் போட்டு அனுப்பினேன்.

"உவள் குடியானவளோ, கலியாணப் பொம்பிளையோ?" என்றார் இவர்.

பின்னேரம் வந்து நிலா கதை சொன்னாள். வகுப்பில் குடியானவர்கள் தங்கள் பிஸ்கற்றில் பாதியைப் பிரபுவுக்கு வரியாகக் கொடுக்க வேண்டுமாம். கடதாசிக் கிரீடத்தோடு இருந்த பிரபுப் பொடியன் இவளைக் கண்டதும் எழும்பிக் குனிந்து, தன் பிஸ்கற்றையே நீட்டிவிட்டான்.

"நீ என்ன செய்தனீ?" என்று கேட்டேன்.

"வாங்கி மற்ற ஆக்களுக்கும் பிரிச்சுக் குடுத்தனான். ரீச்சரும் சிரிச்சவா. அம்மா, திங்கள் நான்தான் பிரபு. என்ன போடுறது?"

அலுமாரி முழுக்கத் தேடிவிட்டேன். வீட்டில் அவள் அளவுக்கு இருந்த ஒரே பட்டை, வகுப்பே பார்க்கக் குடியானவளுக்கு உடுத்தியாயிற்று. பிரபுவுக்குத்தான் ஒன்றுமில்லை.